மூளைக்காய்ச்சலின் பாதி வாக்கியம்

மருத்துவப் பக்கத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு முதலில் என் அனுதாபம். விளையாட்டுப் பக்கம் கேட்டிருப்பீர்கள், கிடைத்திருக்காது. போகட்டும். மூளை தொடர்பான செய்தி உங்கள் மேசைக்கு அடிக்கடி வரும். காபி குடித்தால் மறதி வராது என்று திங்கட்கிழமை வரும். காபி குடித்தால் தூக்கம் கெட்டு மறதி வரும் என்று வியாழக்கிழமை வரும். இரண்டையும் எழுதியவர் ஒரே ஆளாக இருப்பார். அது நீங்களாக இருப்பீர்கள்.

வயிற்றைப் பற்றிய செய்தியை வாசகர் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். மூளையைப் பற்றிய செய்தியைப் படித்தால் பயப்படுவார். பயந்தவர் ஏதாவது செய்வார். அவர் என்ன செய்வார் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள். இதைத் தவிர எனக்கு வேறு விதி தெரியாது. இதுவும் ஒரு ஐப்பசி மாதத்தில், பன்றிகளைப் பற்றிய செய்தி ஒன்றில் எனக்குத் தெரியவந்தது.

நான் அப்போது தஞ்சாவூரில் ஒரு நாளிதழின் நிருபர். சொந்த ஊர் நாகப்பட்டினம். வாப்பாவுக்கு ஜவுளிக்கடை. மகன் பேப்பரில் எழுதுவதை ஓர் உத்தியோகம் என்று அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அலுவலகத்திலும் வெளியிலும் எனக்குப் பெயர் 'பாய்'. பன்றிச் செய்திக்கு யாரை அனுப்பலாம் என்று கேள்வி வந்தபோது அலுவலகத்தில் அன்று நான்தான் சும்மா இருந்தேன். உம்மாவிடம் காய்ச்சல் செய்தி என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை.

அந்த ஆண்டுகளில் டெல்டாவில் எந்தச் செய்தியைத் தொட்டாலும் அது நிலத்தில் போய்த்தான் முடியும். அறுவடைக் கூலித் தகராறு, குத்தகைத் தகராறு, வெளியூர் ஆளை இறக்கி நடவு செய்த தகராறு. ஒரு ஊரில் கொடிக்கம்பம் நட்டால் அது செய்தி. அதை வெட்டினால் அது பெரிய செய்தி. குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சட்டம் போன ஊருக்கெல்லாம் பட்டா போய்ச் சேர்ந்துவிடவில்லை.

வலங்கைமான் பக்கத்து ஊர் ஒன்றும் அப்படித்தான். அங்கே வாய்க்கால் கரையில், மிராசுதார் ஒருவரின் நிலத்தில், ஒரு வரிசைக் குடிசைகள். குடியிருந்தவர்கள் கூலி வேலைக்குப் போனார்கள், பன்றியும் வளர்த்தார்கள். பட்டா கேட்டு மனுக் கொடுத்திருந்தார்கள். அந்த இடத்தில் மனிதர் யாரும் குடியிருக்கவில்லை, பன்றிகள்தான் இருக்கின்றன என்று மிராசுதார் பதில் மனுக் கொடுத்திருந்தார். அந்த விவகாரத்தை எழுத நான் ஒருமுறை போயிருக்கிறேன். அப்போது எல்லாருக்கும் சேர்த்துப் பேசியவள் அஞ்சலை. கணவனை இழந்தவள், ஒரு பெண்பிள்ளை. கரையிலேயே அவளிடம்தான் பன்றிகள் அதிகம்.

"எழுதிக்கிட்டுப் போயி என்ன கிழிக்கப் போறீங்க? போன தடவ வந்தவரும் இப்பிடித்தான் பேனாவத் தொறந்தாரு" என்று என்னை வரவேற்றாள். அவள் குரல் வாய்க்காலின் அக்கரைக்குக் கேட்கும்.

அந்த ஐப்பசியில் அந்த ஊரில் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு வலிப்பு வந்து இரண்டு குழந்தைகள் இறந்தன. சுற்று வட்டாரக் குழந்தைகள் சிலர் தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தது. கரையோரப் பன்றிகளின் ரத்தத்தை எடுத்துச் சோதித்தது. மூளைக்காய்ச்சல் கிருமியின் அடையாளம் அதில் இருப்பதாக டாக்டர்கள் கூட்டத்தில் சொன்னது. மறுநாள் மாலைப் பத்திரிகை ஒன்றின் தலைப்பு: 'மூளைக்காய்ச்சலுக்குப் பன்றியே காரணம்! ஆராய்ச்சியில் அம்பலம்!'

எங்களிடம் அந்தச் செய்தி இல்லை. எங்கள் செய்தி ஆசிரியர் அந்தப் பத்திரிகையை என் மேசையில் வைத்தார். கத்தவில்லை. அவர் கத்தாதபோதுதான் பயமாக இருக்கும்.

"கூட்டத்துல இருந்த யாரையாவது பாத்துட்டு வா" என்றார்.

குழந்தைகள் வார்டின் பொறுப்பில் இருந்த டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். ஐம்பது வயதிருக்கும். கண்ணைச் சுற்றித் தூக்கமில்லாத கறுப்பு.

"உட்காருங்க. பேப்பர்தானே? நேத்து வந்தவர் நின்னுக்கிட்டே கேட்டார். பாதி சொல்றதுக்குள்ள அச்சுக்கு நேரமாச்சுன்னு போயிட்டார்" என்றார்.

மீதிப் பாதியைச் சொல்லச் சொன்னேன்.

"சம்பா நட்ட வயல்ல தண்ணி நிக்குது. அதுல கொசு பெருகுது. அது கொக்கைக் கடிக்கும், பன்றியைக் கடிக்கும். பன்றி உடம்புல கிருமி நல்லாப் பெருகும். அந்தப் பன்றியைக் கடிச்ச கொசு புள்ளையக் கடிச்சா புள்ளைக்கு வரலாம். வந்த புள்ளைகிட்டேருந்து இன்னொரு புள்ளைக்கு ஒட்டாது."

"அப்ப பன்றிதானே காரணம்?"

"பன்றி ரத்தத்துல அடையாளம் இருந்தா, அந்த ஊர்ல அந்தக் கிருமி சுத்துதுன்னு அர்த்தம். செத்துப்போன ரெண்டு புள்ளைக்கும் அதுதான் வந்துச்சான்னு எனக்கே இன்னும் தெரியாதுங்க. ரத்தம் அனுப்பியிருக்கோம், பதில் வரல. பன்றிக்கு வந்ததுங்கறதும் பன்றியால வந்ததுங்கறதும் ஒண்ணா?"

இல்லை என்றேன். ஆனால் அன்று காலை வரை எனக்கும் அது ஒன்றாகத்தான் இருந்தது.

"இன்னொண்ணு. மூளைக்காய்ச்சல்ங்கறது ஒரே வியாதி இல்ல. மூளைக்கு ஏறுற எல்லாக் காய்ச்சலுக்கும் ஜனங்க அந்த ஒரு பேரத்தான் வச்சிருக்காங்க. அதுல சிலதுக்கு மருந்து இருக்கு, சிலதுக்கு இல்ல. எதுன்னு பாக்கணும்னா புள்ளை இங்க வந்து சேரணும். காய்ச்சல் இருக்கற புள்ளைக்கு வலிப்பு வந்தாலோ, கூப்பிட்டா முழிக்காம கெடந்தாலோ, சூடு போடறது, மந்திரிக்கறது எல்லாத்தையும் விட்டுட்டு உடனே தூக்கிட்டு வரணும். இத மட்டும் எழுதுங்க. மத்தது எதுவும் எழுதலைன்னாலும் எனக்கு வருத்தமில்ல."

நான் எல்லாவற்றையும் எழுதினேன். கொசு, கொக்கு, பன்றி, வயல், ரத்தம், வராத பதில் எல்லாம் வரிசையாக வந்தன. டாக்டரம்மா கேட்டது மட்டும் கடைசிப் பத்தியில் இருந்தது. அது செய்தி இல்லை, அறிவுரை என்பது என் எண்ணம்.

நான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. மறுநாள் முற்பகலில் மிராசுதார் வந்தார். மரியாதையான மனிதர். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"நான் யாரையும் வெரட்டச் சொல்லல பாய். விஞ்ஞானம் சொல்லுது. அந்த எடத்தச் சுத்தம் பண்ணணும்னு மனுக் குடுத்திருக்கேன், நாளைக்கு தாசில்தார் வரார். உங்க பேப்பர்லயும் வந்துட்டா அவருக்கும் தைரியமா இருக்கும்."

"விஞ்ஞானம் குடிசையப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்களே."

"பன்றி இருக்கற எடத்துலதான குடிசையும் இருக்கு?"

அங்கே குடிசைகள் இருப்பதை அவர் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனிக்கவில்லை. டாக்டரம்மா வயலைப் பற்றியும் சொன்னார் என்றேன். "வயல்ல தண்ணி நிக்காம நெல்லு எப்பிடிங்க வெளையும்?" என்று கேட்டார்.

மதியம் மாரிமுத்து வந்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர். நல்ல பேச்சாளர், மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவன்தான் இருக்கிறான் என்றாலும் கூட்டத்தில் பேசுவதுபோலத்தான் பேசுவார். வயல் விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது.

"வயல்லேருந்துதான் கொசு வருதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்களாமே? அப்பறம் என்ன பாய் யோசனை? 'மிராசு வயலே மூளைக்காய்ச்சலுக்கு வேர்'னு போடுங்க."

"தோழர், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உங்க ஆளுங்க குத்தகைக்கு எடுத்து நட்ட வயலும் இருக்கு. அதுலயும் இதே தண்ணி, இதே கொசு."

"கொசுவுக்கு வர்க்க பேதம் தெரியலைன்னா நாம என்ன பண்றது?" என்றார். அவர் சிரிக்கவில்லை. அதனால் நானும் சிரிக்கவில்லை.

மூன்றாவதாக ஆளுங்கட்சியின் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் வந்தார். அமைச்சர் ஒருவர் அந்த வழியாக வரப்போகிறார். பன்றி வேண்டாம், வயல் வேண்டாம், மூளையும் வேண்டாம். "மர்மக் காய்ச்சல்னு போட்டுருங்க. எல்லாருக்கும் நல்லது." டாக்டர்களுக்கு அது என்ன காய்ச்சல் என்று ஓரளவு தெரியுமே என்று சொல்லிப் பார்த்தேன். "டாக்டருக்குத் தெரிஞ்சா போதும், ஜனங்களுக்கு மர்மமாவே இருக்கட்டும்" என்றார்.

டாக்டரம்மா சொன்ன வாக்கியத்தில் பன்றி இருந்த பாதியை ஒருவர் கேட்டார். வயல் இருந்த பாதியை அடுத்தவர் கேட்டார். மூன்றாமவர் வாக்கியமே வேண்டாம் என்றார். மூவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தது நான்தான்.

செய்தி ஆசிரியர் என் பிரதியை மாலையில் படித்தார். சிவப்புப் பென்சிலால் ஒரு சொல்லை மட்டும் வட்டம் போட்டுக்கொண்டே வந்தார். எல்லா வட்டத்துக்குள்ளும் 'காரணம்' இருந்தது.

"இந்த ஒரு வார்த்தைக்குத்தான் இன்னிக்கி மூணு பேரு படியேறி வந்துட்டுப் போனாங்க. டாக்டரம்மா இந்த வார்த்தையச் சொன்னாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கேள்வியில் நான்தான் சொன்னேன்.

"அப்ப இது உன் வார்த்தை. எடு. நாளைக்கு தாசில்தார் போறாரில்ல, நீயும் போ. பாத்துட்டு வந்து முடி. ஒரு நாள் லேட்டாப் போட்டோம்னு யாரும் சாக மாட்டாங்க."

நல்ல செய்தி ஆசிரியர் அவர். இருந்தாலும் அந்தக் கடைசி வாக்கியத்தை அவரும் நானும் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறோம்.

நான் போய்ச் சேர்ந்தபோது தாசில்தாரின் ஜீப் கரைமேல் நின்றது. மிராசுதார் கையில் மாலைப் பத்திரிகை இருந்தது. மாரிமுத்துவின் கையிலும் அதே பத்திரிகை. ஒருவர் அதைக் காட்டிப் பேசினார், மற்றவர் அதைக் கிழிப்பதற்காக வைத்திருந்தார். கரைக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பன்றிகளை அப்புறப்படுத்துவதா, குடிசைகளையும் சேர்த்தா என்பது விவாதம். பன்றிகளுக்கு மட்டும் மனுவில் வழியிருக்கிறதா என்று தாசில்தார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஏதோ ஒன்று குறைவதுபோல் எனக்குப் பட்டது. என்னவென்று பிடிபடச் சற்று நேரமானது. அஞ்சலையின் குரல் இல்லை. அவளுடைய பன்றிகளைப் பற்றித்தான் பேச்சே. அவள் கூட்டத்தில் இல்லை.

அவள் குடிசைக்குப் போனேன். தட்டி சாத்தியிருந்தது. கூப்பிட்டேன். வெகுநேரம் கழித்துக் கொஞ்சமாகத் திறந்தது.

"என்னா பாய்?" அது அவள் குரலே இல்லை.

"வெளிய அவ்வளவு பேச்சு நடக்குது. நீங்க வரலையா?"

"ஒடம்பு சரியில்ல."

"யாருக்கு?"

தட்டிக்கும் அவளுக்கும் நடுவிலிருந்த இடுக்கு வழியாக, உள்ளே பாயில் குழந்தை கிடந்தது தெரிந்தது. அவள் மகள் செல்வி, ஆறேழு வயது. கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு, கண் பாதி திறந்து கிடந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

"வலிப்பு வந்துச்சா?"

அப்போதுதான் அஞ்சலை அழுதாள். சத்தம் வெளியே போகாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"காலையில வந்துச்சு. ஜூரந்தான் பாய், வேற ஒண்ணுமில்ல. வெளிய சொல்லிறாதீங்க. பன்னிக்காரி புள்ளைக்கே வந்துருச்சுன்னு தெரிஞ்சா இன்னைக்கே எல்லாத்தையும் பிரிச்சுப் போட்ருவாங்க. என்னால இத்தன குடும்பம் தெருவுல நிக்கணுமா? ராவானதும் தூக்கிக்கிட்டுப் போயிடறேன். பேப்பர்ல மட்டும் போட்டுறாதீங்க."

உங்கள் மேசையில் ஒருநாள் இது வரும், அதனால் சொல்கிறேன். அந்தக் கணத்தில் என் கையில் ஒரு செய்தி இருந்தது. ஊர் முழுக்கத் தேடிக்கொண்டிருந்த செய்தி. மாலைப் பத்திரிகையிடம் இல்லாத செய்தி. அதே கணத்தில், அந்தக் குழந்தையை மறைத்து வைத்தது அவள் அறியாமை இல்லை என்பதும் எனக்குப் புரிந்தது. பத்திரிகை என்ன சொன்னது என்பதை அவள் சரியாகவே புரிந்துகொண்டிருந்தாள். அதனால்தான் மறைத்தாள்.

"பேப்பர்ல போட மாட்டேன். ஆனா ராத்திரி வரைக்கும் தாங்காதும்மா. இப்பவே தூக்குங்க" என்றேன்.

அவள் அசையவில்லை. நான் வெளியே வந்து நேராகத் தாசில்தாரிடம் போனேன். ஒரு குழந்தைக்கு நினைவில்லை, ஜீப் வேண்டும் என்றேன். பேச்சு நின்றுவிட்டது.

மிராசுதார்தான் முதலில் வாய் திறந்தார். "பாத்தீங்களா? நான் சொன்னேனா இல்லையா?"

மாரிமுத்து பத்திரிகையைக் கீழே போட்டுவிட்டுக் குடிசைக்கு ஓடினார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தாசில்தார் எச்சரிக்கையான மனிதர். அரசு வாகனத்தில் தனியாரை ஏற்றுவதற்கு அனுமதி உண்டா என்ற கேள்வி அவர் முகத்தில் வந்தது. குழந்தையின் கை ஒருமுறை வெட்டி இழுத்தது. கேள்வி போய்விட்டது. "ஏறுங்க, ஏறுங்க" என்றார்.

மிராசுதார் ஜீப்பின் முன்னால் வந்து நின்றார். மறிக்கிறார் என்று நினைத்தோம். டிரைவரிடம், "பாலத்து வழி போவாத, குண்டும் குழியுமா கெடக்கு. என் களத்து வழியாப் போ, கேட்டத் தொறக்கச் சொல்றேன்" என்றார். பிறகு தாசில்தார் பக்கம் திரும்பி, "மனு அப்பிடியேதான் இருக்கு. இது வேற, அது வேற" என்றார்.

அன்று அந்தக் கரையில் எதுவும் இடிக்கப்படவில்லை. ஜீப் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதால் தாசில்தார் ஊர் திரும்ப வேறு வண்டி தேட வேண்டியிருந்ததுதான் அதற்கு முக்கியமான விளக்கம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையின் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார். சிறு குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தெளிவாக இருக்கவேண்டிய நீர் கஞ்சித் தண்ணீர்போலக் கலங்கியிருந்தது. அதைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுப் பரபரவென்று ஊசிமருந்து எழுதினார். மாலையில் என்னைக் கூப்பிட்டார்.

"இது மூளையச் சுத்தியிருக்கற சவ்வுல சீழ் பிடிக்கற காய்ச்சல். வேற கிருமி. இதுக்கு மருந்து இருக்கு. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா மருந்து இருந்தும் பிரயோஜனமில்ல."

"பன்றிக்கும் இதுக்கும்?"

"சம்பந்தமே இல்ல."

"வயலுக்கு?"

"அதுக்கும் இல்ல."

வெளியே வராந்தாவில் மாரிமுத்து காத்திருந்தார். சொன்னேன். சுவரில் சாய்ந்துகொண்டு, "அப்ப நாங்க எதுக்காக பாய் ரெண்டு நாளாச் சண்டை போட்டோம்?" என்றார். சண்டை நிலத்துக்காக என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அலுவலகத்துக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். செய்தி ஆசிரியர் என் பிரதியை எடுத்து, "எந்தப் பத்தி மேல போகணும்?" என்று மட்டும் கேட்டார். கடைசிப் பத்தியை முதல் பத்தியாக்கினேன். 'காய்ச்சலோடு வலிப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரி' என்று தலைப்பு வைத்தோம். கொசுவும் கொக்கும் பன்றியும் வயலும் கீழே வந்தன. இறந்த குழந்தைகளுக்கு எந்த நோய் என்று இன்னும் தெரியவில்லை என்றும் போட்டோம். கரையின் பெயரோ குழந்தையின் பெயரோ இல்லை. விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, பத்திரிகை வரலாற்றிலேயே இவ்வளவு சப்பென்ற தலைப்பைப் பார்த்ததில்லை என்றார். மாலைப் பத்திரிகை 'பன்றித் தெருவில் மேலும் ஒரு சிறுமி' என்று போட்டு நன்றாக விற்றது.

ரத்தப் பரிசோதனையின் பதில் மழையெல்லாம் ஓய்ந்த பிறகு வந்தது. இறந்தவர்களில் ஒரு குழந்தைக்கு வயல்கொசுவின் காய்ச்சல்தான். மற்றக் குழந்தையின் ரத்தம் சோதனைக்குப் போதவில்லை. தெரியாது என்பதே பதில். அதையும் அப்படியே போட்டோம். டாக்டரம்மாவின் யோசனைப்படி கரைக்காரர்கள் பன்றிப் பட்டிகளைக் குடிசைகளிலிருந்து தள்ளித் திடலுக்கு மாற்றிக்கொண்டார்கள். மிராசுதாரின் மனுமீது தாசில்தார் 'ஆய்வில் உள்ளது' என்று எழுதினார். இன்றைக்கும் அது ஆய்வில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சில வருடம் கழித்துக் கரைக்குப் பட்டா வந்தது. செல்வி பிழைத்துக்கொண்டாள். ஒரு காது மட்டும் கேட்கவில்லை.

தை மாதத்தில் வேறு ஒரு செய்திக்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தைகள் வார்டு வாசலில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். பயந்துபோனேன். செல்விக்கு இல்லை என்றாள். பக்கத்தில் மிராசுதாரின் கணக்குப்பிள்ளை மனைவி, மடியில் கைக்குழந்தை. காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மந்திரிக்கப் போனவளை வலங்கைமான் பஸ் நிறுத்தத்தில் பிடித்துத் தஞ்சாவூர் பஸ்ஸில் அஞ்சலைதான் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு அஞ்சலையோடு ஒரே பெஞ்சில் உட்காரச் சங்கடமாக இருந்தது. அதற்காக எழுந்திருக்கவும் இல்லை.

எனக்குப் பெருமையாகிவிட்டது. "நான் எழுதினத யாராவது படிச்சுக் காட்டினாங்களா?" என்று கேட்டேன்.

"எழுதினீங்களா? எங்க பக்கம் யாரு பாய் பேப்பர் வாங்குறா? மிராசுதார் வீட்டுக்கு ஒண்ணு வரும். டாக்டரம்மா எங்கிட்டச் சொன்னாங்க, நான் இவங்ககிட்டச் சொன்னேன்." பிறகு கேட்டாள், "ஆமா, அதுல என்னா எழுதினீங்க?"

காய்ச்சல் பிள்ளைக்கு வலிப்பு வந்தால், கூப்பிட்டு முழிக்காவிட்டால், உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகணும் என்று எழுதினேன் என்றேன்.

அவள் தன் பழைய குரலில், வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"அவ்வளவுதான? இத மொதல்லயே போட்டிருக்கலாமே."